பழைய லேத்துக்கு முதலில் எதை மாட்டுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு தோல் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் அறையிலிருந்து 6 அடி பட்டாலா லேத் (பஞ்சாபின் பட்டாலாவில் செய்த கடைசல் மெஷின்) ஒன்றை வாங்கினேன். குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊரில் தகர ஷெட் போட்டு நிறுத்தியிருக்கிறேன். கோன் புல்லி, பெல்ட் டிரைவ். ஹெட்ஸ்டாக்கில் (சுழலும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) கன்மெட்டல் புஷ். வேலையைப் பிடிக்கும் சக், மரை போட்டு ஏற்றும் வகை. மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. மோட்டார் 2 ஹெச்.பி., மூன்று ஃபேஸ். எங்களிடம் இருப்பது சிங்கிள் ஃபேஸ். விசைத்தறி புஷ், போர் பம்ப் கப்ளிங், ஷாஃப்ட், மெட்ரிக் ஸ்டட் வேலைகள் வருகின்றன. 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். டி.ஆர்.ஓ. (நகர்வை எண்ணில் காட்டும் டிஜிட்டல் ரீட்-அவுட்), வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்), க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் (டூலைச் சட்டென்று மாற்ற உதவும் பிடி), மில்லிங் அட்டாச்மென்ட் நான்கையும் மாட்டினால் புது மெஷின் போல ஆகிவிடுமா? எதை முதலில் வாங்கலாம்? பார்ட்டிங் (கம்பியை லேத்திலேயே டூலால் அறுத்தெடுப்பது) போட்டால் மட்டும் மெஷின் அலறுகிறது.

— குடியாத்தம் வாசகர்

அன்புள்ள தம்பி,

நாலு சாமான்களைப் பற்றி விவரமாகக் கேட்டுவிட்டு, பார்ட்டிங் விஷயத்தைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் பட்டது. மெஷின் தன் குறையைத் தானே சொல்லிவிட்டது. எங்கேயோ ஓர் இடம் லூசாக இருக்கிறது. அதைப் பிடிக்காமல் மேலே எதை மாட்டினாலும் அந்த லூசின் மேல்தான் மாட்டுவீர்கள். அதனால் அந்த 80,000 ரூபாயை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு டயல் கேஜ், ஒரு மேக்னட் ஸ்டாண்டு, ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் ஸ்பிண்டிலைப் பாருங்கள். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, மேக்னட் ஸ்டாண்டை ஹெட்ஸ்டாக் மேல் நிறுத்தி, டயலின் முனையை ஸ்பிண்டிலின் மூக்கில் மேலிருந்து தொடும்படி வையுங்கள். மூன்றடி மரக்கட்டை ஒன்றைச் சக்குக்கு அடியில் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். ஸ்பிண்டில் 2 அங்குலம் என்றால் 0.05 மி.மீ. வரை முள் ஏறுவது சகஜம். எண்ணெய்ப் படலம் நிற்க அவ்வளவு இடம் வேண்டும். 0.10-ஐத் தாண்டினால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிளந்த புஷ்ஷும் மேலே கேப்பும் உள்ள மெஷினாக இருந்தால், கேப்புக்கு அடியில் இருபுறமும் ஷிம் தகடு இருக்கும். இருபுறத்திலிருந்தும் ஒரே கனமுள்ள ஒவ்வொரு ஷிம்மை மட்டும் எடுத்துவிட்டு இறுக்கிப் பாருங்கள். அப்புறம் நடு ஸ்பீடில் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுக் கேப்பின் மேல் கை வையுங்கள். கையை வைத்துக்கொண்டே இருக்க முடிய வேண்டும். சுரீரென்று சுட்டால் இறுக்கம் அதிகம். ஷிம்மைத் திரும்ப வையுங்கள். எண்ணெய்க் குவளைகளில் அடைத்திருக்கும் திரியையும் பஞ்சையும் புதிதாக மாற்றுங்கள். மெயின்டனன்ஸ் அறையில் கிடந்த மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது.

அடுத்தது கிராஸ் ஸ்லைடும் காம்பவுண்டும். பெட் என்ற அடித்தண்டவாளத்தில் நீளவாக்கில் ஓடுவது சாடில்; அதன் மேல் குறுக்கே ஓடுவது கிராஸ் ஸ்லைடு; அதற்கும் மேல் கோணம் திருப்பும் சின்ன ஸ்லைடுதான் காம்பவுண்டு. டயல் கூட இதற்கு வேண்டியதில்லை. ஸ்லைடும் சாடிலும் சேரும் கோட்டில் ஆள்காட்டி விரலின் நுனியை, பாதி மேலும் பாதி கீழுமாக வையுங்கள். இன்னொரு கையால் டூல் போஸ்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நூலிழை அசைவு இருந்தாலும் விரல் நுனி அதைக் கண்டுபிடித்துவிடும். அசைந்தால் ஜிப் (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் தகடு) ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கால் சுற்று இறுக்கி, கைப்பிடியைச் சுற்றும்போது முழு நீளத்துக்கும் ஒரே கனம் தெரிகிறதா என்று பாருங்கள். திசை மாற்றிச் சுற்றும்போது ஸ்லைடு நகராமல் கைப்பிடி மட்டும் சுற்றும் பேக்லாஷைக் கண்டு பயப்பட வேண்டாம். அது அரை மி.மீ. இருந்தாலும், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து கட் கொடுத்தால் அளவு தப்பாது. ஜிப்பில் உள்ள லூசுதான் அலறலுக்குக் காரணம்; அதைப் பேக்லாஷ் என்று நினைத்து நட்டை மாற்றிக் காசைச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெஷின் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதால் பெட்டையும் கவனியுங்கள். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு போடுவார்கள். அந்த உப்பு ஈரம் கட்டிடம் முழுக்க இருக்கும். வேலையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் நின்ற இடத்தை நகர்த்திப் பாருங்கள், அடியில் துரு குழி பறித்திருக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பொடி சாடிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் நீங்கள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் பெட்டைத் தின்னும். டீசலில் நனைத்த துணி, பித்தளைத் தகட்டால் ஒரு சுரண்டல், பிறகு 68 கிரேடு ஸ்லைட்வே எண்ணெய். குழி இருந்தால் இருக்கட்டும், அதில் எண்ணெய் தங்கும். குழியின் விளிம்பு எழும்பி நிற்காமல் இருந்தால் சரி. சக் பக்கத்து ஒரு அடிதான் எந்தப் பழைய லேத்திலும் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே சரியாக ஓடும்படி சாடிலை இறுக்கினால் டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது பிடிக்கும். உங்கள் வேலைகள் பெரும்பாலும் சக்கை ஒட்டியே நடப்பவை. பெட் கிரைண்டிங் செலவு இப்போது வேண்டாம்.

பிறகு, மெஷின் தரையில் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்று சோதியுங்கள். 40 மி.மீ. கம்பி ஒன்றைச் சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் சப்போர்ட் வேண்டாம். நடுவைச் சற்றுக் குறைத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் விடுங்கள். டூலை நகர்த்தாமல் ஒரே செட்டிங்கில் இரண்டு வளையத்தையும் மிக லேசாக ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளவு எடுங்கள். வித்தியாசம் 0.02-க்குள் இருந்தால் விட்டுவிடலாம். வெளிமுனை பெரிதாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்துக் காலில், நீங்கள் நிற்கும் பக்கம் ஒரு தகடு ஏற்றுங்கள். சிறிதாக வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம். ரசமட்டம் வைத்து மணிக்கணக்கில் பார்ப்பதைவிட இது நேராகப் பதில் சொல்லிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் பார்ட்டிங்கில் கொஞ்சம் கத்தினால், குறை காம்பவுண்டில் இருக்கிறது. புல்லியும் பெல்ட்டும் உள்ள பழைய மெஷின்களில் மெலிந்த இடம் அதுதான்: சின்ன டவ்டெயில், நடுவில் ஒரே ஒரு போல்ட். இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுகிற முதல் மாற்றம் வருகிறது. அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. காம்பவுண்டை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அதன் உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புக் கட்டையை நீங்களே செய்து கிராஸ் ஸ்லைடின் மேல் இறுக்குங்கள். பழைய எடைக்கல், உடைந்த மோட்டார் பேஸ், எது கிடைத்தாலும் சரி. டாக் சக்கில் (தாடைகள் தனித்தனியே நகரும் சக்) பிடித்து இரண்டு முகத்தையும் ஃபேசிங் செய்து, காம்பவுண்டைப் பிடித்த அதே போல்ட் ஓட்டைகளுக்குத் துளை போடுங்கள். டூல் போஸ்ட் இந்தக் கட்டையின் மேல் உட்காரட்டும். டேப்பர் வேலை வந்தால் பத்து நிமிடத்தில் காம்பவுண்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். விசைத்தறி புஷ்ஷுக்கும் கப்ளிங்குக்கும் டேப்பர் எத்தனை தடவை வேண்டியிருக்கிறது? இந்தக் கட்டையைப் போட்ட பிறகு நல்ல கூருள்ள ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடு 40 மி.மீ. கம்பியில் சத்தமில்லாமல் இறங்கி, சுருள் நேராகச் சுருண்டு வருவதை நான் என் மெஷினிலேயே பார்த்தேன். அதற்கு முன் எத்தனையோ வருடம் ஹேக்ஸாவால் அறுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டையில் இன்னொரு நல்லதும் உண்டு. மெஷினின் உடம்பில் ஓர் ஓட்டை கூடப் புதிதாகப் போடவில்லை. பழைய மெஷினில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் இது. கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். பெட்டில் டிரில் போடுவது, சாடிலை வெட்டுவது, ஸ்பிண்டிலில் கை வைப்பது மட்டும் வேண்டாம். விற்கும்போதும் அதைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள்.

கட்டை உட்கார்ந்த பிறகு க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட் வாங்குங்கள். உங்கள் நாலில் முதலில் காசு போட வேண்டியது இதற்குத்தான். இப்போது டூலின் அடியில் ஹேக்ஸா பிளேடு துண்டுகளை அடுக்கி உயரம் சரி செய்துகொண்டிருப்பீர்கள். ஒரு நாளில் நாலு டூல் மாற்றினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். வாங்கப் போகுமுன் கட்டையின் மேல்முகத்திலிருந்து சென்டர் வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பாரிமுனைக் கடைகளில் பெரிய சைஸைக் காட்டி ஆசை காட்டுவார்கள். பெரிய போஸ்ட் வாங்கினால் டூல் சென்டருக்கு மேலே நின்றுவிடும். இறக்க வழி இருக்காது. பிஸ்டன் வகையைவிட வெட்ஜ் வகை ஹோல்டரை அழுத்தமாகப் பிடிக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். ஹோல்டர் நாலாவது வேண்டும்: டர்னிங், ஃபேசிங், பார்ட்டிங், போரிங். உயரம் பார்க்க ஒரு சுலபமான வழி: 6 அங்குல ஸ்டீல் ஸ்கேலைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாகக் கவ்வவிடுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் டூல் சென்டரில் இருக்கிறது. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் கீழே இருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மேலே.

கார்பைடு இன்செர்ட் டூலோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 25 மி.மீ. மைல்டு ஸ்டீலைக் கார்பைடு நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் கேட்கிறது என்றால் கிட்டத்தட்ட 1,270 ஆர்.பி.எம். வேண்டும். புஷ் போட்ட ஹெட்ஸ்டாக்கை அந்த வேகத்துக்கு ஓட்டக்கூடாது. ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு 30 மீட்டர், அதாவது 380 ஆர்.பி.எம். போதும். உங்கள் மெஷின் அதற்காகச் செய்தது. வார்ப்பிரும்பின் மேல்தோலை எடுக்க மட்டும் பிரேசிங் செய்த கார்பைடு டூல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மெட்ரிக் ஸ்டட் வேலை வருகிறது என்கிறீர்கள், லீட் ஸ்க்ரூவோ அங்குலக் கணக்கு. இதற்கு வேண்டியது ஒரு கியர். 5 அங்குலம் என்பது 127 மி.மீ. என்பதால் 127 பல் கியர்தான் துல்லியமான வழி. 4 மரை லீட் ஸ்க்ரூவில் 1.5 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) வேண்டும் என்றால் விகிதம் 30/127; 2 மி.மீ.க்கு 40/127. ஆனால் ஆர்டர் கொடுக்குமுன் ஓட்டும் கியர் ஒன்றைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள். பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அங்குலத்தில் அளந்த வெளி விட்டத்தால் வகுத்தால் டி.பி. (டயமெட்ரல் பிட்ச், பல்லின் பருமனைச் சொல்லும் எண்) கிடைக்கும். 40 பல், 3 அங்குலம் என்றால் 14 டி.பி. அந்தக் கணக்கில் 127 பல் கியரின் விட்டம் 9 அங்குலத்துக்கு மேல் போகும். பல மெஷின்களில் கியர் தாங்கும் கையிலும் மூடியிலும் அது அடங்காது. அப்படியானால் 63 பல் கியர் வெட்டிக்கொள்ளுங்கள், அதே டி.பி.யில் நாலரை அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 1.5 மி.மீ.க்கு 63-ம் 30-ம் ஓட்டும் கியர்கள், 80-ம் 100-ம் ஓடும் கியர்கள். பிழை 8,000-ல் ஒரு பங்கு. 300 மி.மீ. நீள மரையில் 0.04 மி.மீ. கூட வராது. ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (சாடிலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் நட்) திறக்கக்கூடாது. திறந்தால் அதே மரையில் திரும்பப் பிடிக்காது. ஒவ்வொரு கட் முடிந்ததும் டூலை வெளியே இழுத்துவிட்டு, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்ப வர வேண்டும். இது உங்கள் வி.எஃப்.டி. ஆசையோடு நேராகப் போய் இடிக்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

1994-ல் வாலாஜாபேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, மரை ஓட்டிக்கொண்டே இருந்து, மெஷின் முழுதாக நிற்பதற்குள் ரிவர்ஸ் ஸ்விட்சைத் திருப்பிவிட்டேன். 8 அங்குல ட்ரூ சக் ஸ்பிண்டில் மரையிலிருந்து தானாகக் கழன்றது. கண் இமைக்கும் நேரம்தான். பெட்டின் முன் விளிம்பில் விழுந்து, கட்டை விரல் நக அளவுக்கு ஒரு துண்டைப் பெயர்த்துவிட்டு, என் இடது காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் சுழன்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மரைச் சக் போட்ட மெஷினில் வேகமாக நிறுத்துவதும் ரிவர்ஸ் கொடுப்பதும் சக்கைக் கழற்றும் வேலை. வி.எஃப்.டி. இந்த இரண்டையுமே ஒரு பட்டனில் செய்துகாட்டும். அதனால் மாட்டினால் பிரேக்கிங் வசதியைப் போடாதீர்கள். நிற்கும் நேரத்தை 6, 8 விநாடி வையுங்கள். முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ், அதுவும் மெதுவான வேகத்தில், டூல் வெளியே இருக்கும்போது மட்டும். சக் ஏற்றும்போது மரையையும் தோள் முகத்தையும் துணியால் துடைத்துக் கையால் இறுக உட்கார வையுங்கள். கழற்றும்போது பேக் கியரை (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி நெம்பக்கூடாது, வார்ப்பிரும்புப் பல் முறிந்துவிடும். சக்கின் தாடைக்கும் பெட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து, புல்லியைக் கையால் பின்பக்கம் சுற்றுங்கள்.

மற்றபடி உங்கள் ஷெட்டுக்கு வி.எஃப்.டி. நியாயமான தேவைதான். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் வாங்கி மூன்று ஃபேஸ் 230 வோல்ட் கொடுக்கும் வகை வேண்டும். மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். 415 வோல்ட், ஸ்டார் என்று இருந்தால் காயில் இணைப்பை டெல்டாவாக மாற்றினால் இந்த வோல்டேஜுக்குச் சரியாக வரும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் தகட்டை மாற்றிப் போட்டாலே போதும். மூன்றே முனை என்றால் காயில் கட்டுபவரிடம் கொடுத்து மற்ற மூன்றையும் வெளியே எடுங்கள். 415 டெல்டா என்று எழுதியிருந்தால் இந்த மோட்டார் உதவாது. வேகத்தைக் குறைக்க 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டாதீர்கள். மோட்டாரின் விசிறியும் சேர்ந்து மெதுவாகி, சூடு ஏறும். பெரிய விட்டத்துக்கு இழுவிசை வேண்டும் என்றால் பேக் கியரைப் போடுங்கள், பெல்ட் படிகளையும் கைவிடாதீர்கள். நம் பக்கத்து மே மாத வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. தகரத்துக்குக் கீழே கேட்கவே வேண்டாம். டிரைவ்கள் 40 அல்லது 50 டிகிரி வரைதான் முழுச் சுமை தாங்கும். கூரையை விட்டு இறக்கி, வார்ப்பிரும்புப் பொடி பறக்காத சுவரில், காற்று போகும் பெட்டியில் வையுங்கள். தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடக்கூடாது. அதனால் திருப்பிவிடும் ஸ்விட்ச் வேண்டாம். பச்சை, சிவப்பு என்று அழுத்துப் பட்டன் இரண்டு போடச் சொல்லுங்கள்.

மில்லிங் அட்டாச்மென்டை இப்போது வாங்காதீர்கள். ஷாஃப்டில் சாவிப் பள்ளம் மாதத்துக்கு எத்தனை வரும் என்று ஒரு நோட்டில் ஆறு மாதம் எழுதுங்கள், பிறகு பார்க்கலாம். கப்ளிங்கின் உட்பக்கச் சாவிப் பள்ளத்தை லேத்திலேயே செதுக்கலாம். சதுரக் கூருள்ள டூலைப் போரிங் பாரில் படுக்கையாகப் பிடித்து, ஸ்பிண்டிலை மரக்கட்டையால் நிறுத்தி, சாடிலைக் கைச்சக்கரத்தால் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு 0.05 மி.மீ.க்கு மேல் கொடுக்காதீர்கள், பாரம் முழுக்க ரேக்கின் பல்லில் விழும்.

டி.ஆர்.ஓ. நல்ல சாமான். ஆனால் உங்கள் வரிசையில் கடைசி. புஷ்ஷின் விட்டத்தை எப்படியும் மைக்ரோமீட்டரில்தான் முடிப்பீர்கள். நீளத்துக்கு, பெட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளாம்பில் டயல் கேஜ் மாட்டிச் சாடில் வந்து தொடும்படி வைத்தால் போதும். அந்தக் காசில், நீளமான ஷாஃப்டை நடுவில் தாங்கும் ஒரு ஸ்டெடியும் நல்ல ரிவால்விங் சென்டரும் வாங்குங்கள். பம்ப் ஷாஃப்ட் வேலைக்கு ஸ்டெடி இல்லாமல் ஒன்றும் நடக்காது. பழைய மெஷினோடு வந்த ஸ்டெடி அந்தத் தொழிற்சாலையின் மூலையில் கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வேறு மெஷினின் ஸ்டெடி உங்கள் பெட்டின் வி வடிவத்தில் உட்காராது.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் கைலியோடு, தோளில் துண்டோடு மெஷின் முன்னால் நிற்கிறீர்கள் தம்பி. பெல்ட்டுக்கு மூடியும் இல்லை. லீட் ஸ்க்ரூ உங்கள் இடுப்புக்குக் கீழே, கைலியின் மடிப்பு தொடும் உயரத்தில் சுற்றுகிறது. பெல்ட் மூடிக்கு ஒரு தகரமும், உங்களுக்கு ஒரு பேண்டும் அரைக்கைச் சட்டையும் வாங்குங்கள். 80,000-ல் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ஸ்பிண்டிலை நெம்பியபோது டயல் எவ்வளவு காட்டியது, இரண்டு வளையத்துக்கும் அளவு என்ன, இந்த மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள்.